சுடச்சுட பதில்: ஜெல்லியில் பாயும் தோட்டா

துப்பாக்கித் தோட்டாவை ஜெலட்டின் ஜெல்லிக் கட்டியில் சுட்டுச் சோதிக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். உத்திரமேரூர் வட்டாரமே பேனாவை எடுத்துவிட்டது.

ஜெலட்டின் என்றால் எங்கள் ஊர்க் கல்குவாரியில் பாறைக்கு வைக்கிற குச்சிதானே? அதன் மேலேயா சுடுகிறார்கள்? (சாலவாக்கம் வாசகர்)

அதன் மேல் சுட்டால் ரிசல்ட் எழுத ஆள் மிஞ்சாது. குவாரிக் குச்சி வெடிமருந்து. சோதனை ஜெலட்டின் மாட்டெலும்பு, பன்றித்தோல் வகையறாவைக் காய்ச்சி எடுக்கும் பசை. நீங்கள் விழுங்கும் கேப்சூலின் மேலுறையும் பெரும்பாலும் இதுதான். எடைக்கணக்கில் 1 பங்கு தூள், 9 பங்கு தண்ணீர். கரைத்து அச்சில் ஊற்றி 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்தால், தோட்டாவைப் பொறுத்தவரை சதை மாதிரி நடந்துகொள்ளும். நேட்டோ நாடுகளின் பக்குவம் வேறு: 20 சதவீதக் கரைசல், 10 டிகிரி.

நான் சுத்த சைவம். கடல்பாசி ஜெல்லியைச் சுட்டால் ஆகாதா? (களியாம்பூண்டி இல்லத்தரசி)

ஆகாது அம்மா. கடல்பாசி விண்டுபோகும். சதை விரிந்து, மறுபடி சுருங்கும். அந்தக் குணம் ஜெலட்டினுக்குத்தான் உண்டு. கடல்பாசியை ஏலக்காய் போட்டுப் பிள்ளைகளுக்கே கொடுங்கள்.

கத்திரி வெயிலில் இந்தச் சோதனை என்ன ஆகும்? (பெருநகர் ஆசிரியர்)

பாயசம் ஆகும். 35 டிகிரியை நெருங்கினாலே ஜெலட்டின் உருகிவிடும். பெருநகரில் மே மாதம் அது காலை நேரத்து வெப்பம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சுட்டுவிட வேண்டும். இதற்காகவே மினரல் ஆயிலில் செய்த செயற்கை ஜெல் வந்திருக்கிறது. தெளிவாக இருக்கும், உருகாது, காய்ச்சி மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். அளவுகள் மட்டும் ஜெலட்டினோடு அச்சாகப் பொருந்தாது.

அந்தக் கட்டிக்குள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? (பிளஸ் டூ மாணவி, மானாம்பதி)

நல்ல கேள்வி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். குண்டு நுழைந்ததும் கட்டி மேசையிலிருந்து துள்ளும். உள்ளே பலூன் ஊதியதுபோல ஒரு பெரிய வெற்றிடம் விரிந்து, கண்மூடித் திறப்பதற்குள் சுருங்கிவிடும். இது அதிவேகக் கேமராவுக்கு மட்டும் தெரியும் காயம். எல்லாம் அடங்கிய பிறகு மிஞ்சுவது குண்டு போன தடம், அதைச் சுற்றி நட்சத்திரமாகப் பிளந்த விரிசல்கள். நம் வீரர்கள் வெகுகாலம் சுமந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் 7.62 மி.மீ. குண்டை எடுத்துக்கொள். அந்த வகைக் குண்டு முதல் 15 செ.மீ. வரை நூல் பிடித்தாற்போல் போகும். பிறகு தடுமாறிக் குறுக்கே திரும்பும். அங்கேதான் பள்ளம் பெரிதாகும். துப்பாக்கிக் குழல் கொடுத்த சுழற்சி காற்றில் அதை நேராக வைத்திருந்தது. காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியான பொருளுக்குள் அந்தச் சுழற்சி போதவில்லை. அமெரிக்க ராணுவ டாக்டர் மார்ட்டின் ஃபேக்லர் 1980களில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் இப்படிப் படம் வரைந்து வைத்தார். வேகம் அதிகமென்றால் காயமும் அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்த நிபுணர்கள் பலருக்கு அந்தப் படங்கள் ரசிக்கவில்லை.

சினிமாவில் குண்டு பட்ட வில்லன் பத்தடி பறக்கிறானே? (வேடபாளையம் ரசிகர்)

பறக்கவைப்பது கயிறு. 9.5 கிராம் குண்டு நொடிக்கு 840 மீட்டரில் வந்து 70 கிலோ வில்லனுக்குள் தங்கினாலும், அவன் பின்னால் நகரும் வேகம் நொடிக்கு 12 செ.மீ.கூட வராது. சுட்ட ஹீரோவின் தோளுக்கும் ஏறக்குறைய அதே உதைதான். அவர் மட்டும் பறக்காமல் பஞ்ச் டயலாக் பேசுகிறாரே!

அவ்வளவு பக்கத்தில் சுட்டும் புரட்சித் தலைவர் பிழைத்தது தெய்வச் செயல்தானே? (ரத்தத்தின் ரத்தமான உடன்பிறப்பு, திருப்புலிவனம்)

தெய்வத்தோடு ஒரு மேசை டிராயரும் கூட்டு. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் காதருகே புகுந்து கழுத்தில் தங்கியது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார், இருவருமே பிழைத்தார்கள். தடயவியல் நிபுணர் பி.சந்திரசேகரனின் விளக்கம் இது: தோட்டாக்கள் பல வருடப் பழசு. டிராயரில் கிடந்து, திறந்து மூடும்போதெல்லாம் உருண்டு உரசி வீரியம் குறைந்துவிட்டன. (1991இல் நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் இடுப்பு பெல்ட் வெடிகுண்டைக் கண்டறிந்து சொன்னவரும் இவரே.) கழுத்துக் கட்டோடு போஸ்டரில் சிரித்த எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார்.

இப்படிப்பட்ட வழக்குக்கு ஜெல்லிதான் நல்ல சாட்சி. டிராயர் தோட்டா ஒன்று, கடையிலிருந்து வந்த புதுசு ஒன்று, இரண்டையும் ஒரே கட்டியில் சுட்டு ஆழத்தை ஸ்கேலால் அளந்தால் வக்கீல்கள் தொண்டை தப்பும். இந்தச் சோதனையின் பலமே இப்படி ஒப்பிடுவதுதான். ஜெல்லிக்குத் தோலும் கிடையாது, எலும்பும் கிடையாது. “இந்தத் தோட்டா பட்டால் ஆள் காலி” என்று ஜெல்லியை வைத்துச் சொல்கிறவர் தோட்டா விற்பவராக இருப்பார்.

எவ்வளவு ஆழம் போனால் பாஸ் மார்க்? (அதே மானாம்பதி மாணவி)

எஃப்.பி.ஐ. கணக்கில் 12 முதல் 18 அங்குலம். மனித நெஞ்சே அவ்வளவு கனமில்லையே என்பாய். 1986 ஏப்ரல் 11, மயாமியில் கொள்ளையன் ஒருவனைச் சுட்ட குண்டு கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டான். இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் செத்தார்கள். கை குறுக்கே வந்தாலும் போய்ச் சேர வேண்டும் என்று அதன் பிறகு வைத்த அளவு இது.

இந்தியாவில் இதெல்லாம் உண்டா? (மருதம் வாசகர்)

சண்டிகரில் 1961இல் தொடங்கிய டி.பி.ஆர்.எல். ஆய்வகம் இருப்பதே குண்டு போய்ப் பட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். துப்பாக்கி செய்ய நம் திருச்சி, உந்துமருந்து காய்ச்ச அரவங்காடு. பட்டதும் விரியும் குண்டுக்கு உலகமே வைத்த பெயர் கல்கத்தா பக்கத்து டம்டம். 1899இல் ஹேக் மாநாடு அதைப் போரில் தடை செய்தது. ஆனால் அமெரிக்கப் போலீஸ் இன்றும் விரியும் குண்டுதான் வைத்திருக்கிறது, உடலைத் துளைத்துப் பின்னால் நிற்பவர்மேல் பாயக் கூடாதாம்.

காட்டுப்பன்றி நெல்லை நாசம் செய்கிறது அண்ணே. எந்தத் தோட்டா நல்லது? (எடமச்சி விவசாயி)

உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம் தம்பி, ஆனால் தோட்டா உங்கள் கையில் இல்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது, 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கப்பால் சுடலாம், சுடுவது வனத்துறை மட்டும். இருட்டில் பன்றியைத் துளைத்த குண்டு அடுத்த வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவரைத் தேடிப் போகும். மனு கொடுங்கள், விடாமல் கொடுங்கள். அவுட்டுக்காய் நாட்டுவெடி மட்டும் வைத்துவிடாதீர்கள். கடிப்பது உங்கள் மாடாகவும் இருக்கலாம்.

பையனுக்கு ஏர்கன் வாங்கியிருக்கிறேன். மாடியில் ஜெல்லி வைத்துச் சுட்டுப் பார்க்கலாமா? (உத்திரமேரூர் வியாபாரி)

ஜெல்லி சரியாக உறைந்ததா என்று விஞ்ஞானிகள் சோதிப்பதே ஏர்கன் குண்டால்தான், தெரியுமா? 4.5 மி.மீ. இரும்புக் குண்டு நொடிக்கு 180 மீட்டரில் போனால் சுமார் எட்டரை செ.மீ. இறங்க வேண்டும். அந்த எட்டரை செ.மீட்டரை ஒரு ஸ்கேலில் பார்த்துவிட்டு, வீட்டுப் பிள்ளைகளின் முகத்தையும் பாருங்கள். ஏர்கன் விளையாட்டுச் சாமான் இல்லை. இன்றைக்கே பையனிடமிருந்து வாங்கிப் பூட்டி வையுங்கள்; சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.