கொடுவாத் தொட்டியில் எண்ணிக்கை குறைதல்: ஓர் ஆய்வு

நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட கண்ணாடித் தொட்டியில் பத்துக் கொடுவாக் குஞ்சுகளை விட்டால், சில மாதங்களில் எத்தனை மீன் இருக்கும்? பள்ளிக் கணக்குப் புத்தகங்கள் தொடத் துணியாத இவ்வினாவுக்கு விடை ஒன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. வாங்கியவர் எத்தகையவராயினும் தொட்டிக் கொடுவாவின் தொகை ஒன்றை நோக்கியே நகரும். இதை ஒருமை விதி எனலாம். குஞ்சுப் பருவத்துக் கொடுவா, தன் நீளத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீளமுள்ள உடன்பிறப்பையே விழுங்க வல்லது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் இந்தியாவிலேயே முதன்முறையாக இம்மீனைப் பிடித்துவைத்த நிலையில் இனப்பெருக்கம் செய்வித்தது. குஞ்சு பொரிப்பகங்களில் பெரியதைச் சிறியதிலிருந்து பிரித்துப் போடும் வேலை சில நாட்களுக்கு ஒருமுறை நடந்தாக வேண்டும். அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்து விதியைத் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டுக் கூடத்தில் அந்த உத்தியோகம் காலியாகவே இருக்கிறது.

உப்பு அளவு பிசகியதால் மீன்கள் செத்திருக்கும் என்பார் உண்டு. கொடுவா கடலிலும் கழிமுகத்திலும் ஆற்று நன்னீரிலும் வாழப் பழகியது. ஒரு கைப்பிடி உப்புக்கு உயிரை விடும் இனமன்று. மேலும், செத்த மீன் மிதக்க வேண்டும். ஒன்பது காணாமற்போயும் ஒன்றுகூட மிதக்கவில்லை. எஞ்சியதன் வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. சம அளவுக் குஞ்சுகளாகப் பொறுக்கி, வயிறார இரை போட்டால் போதுமே என்பது அடுத்த தடை. வேகம் குறையும், திசை மாறாது. ஒரே ஈற்றுக் குஞ்சுகளும் ஒரே சீராக வளர்வதில்லை. ஓர் இறாலை முந்திப் பிடித்தது சற்றே பெருக்கும். பெருத்தது அடுத்த இறாலையும் முந்தும். இந்த ஏற்றத்தாழ்வு கந்துவட்டி போலக் குட்டி போட்டு, ஒருநாள் அண்ணன் வாய்க்கும் தம்பி உடம்புக்கும் அளவு பொருந்திவிடும். வாயில் நுழையாத உயரமான ஸ்காட், மோனோ மீன்களைத் துணைக்கு விடலாம் என்பாருக்கு ஒரு சொல்: வாயும் வளர்கிறது.

ஒன்றானபின் விதி ஓயுமா எனில், இல்லை. குளத்தில் கொடுவா ஓராண்டில் ஒரு கிலோவை ஒட்டி வளரும். முழு வளர்ச்சியில் 60 கிலோ வரை எட்டும். ஒரு கிலோ மீனின் நீளமே தொட்டியின் 45 சென்டிமீட்டர் அகலத்தை நெருங்குவதால், அது திரும்பிப் படுக்கவும் யோசிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான கொடுவாக்கள் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுபவை. ஆகவே பெயர் சூட்ட விரும்புவோர் ‘மணி’ போன்ற பொதுப் பெயரைத் தேர்வது நலம். ஆனால் அந்த வயதுவரை வீட்டுத் தொட்டி தாங்காது. மீன் குளத்துக்குப் போகும், அல்லது குழம்புக்குப் போகும். ஒருமையின் எல்லை சுழி.

முடிவாக, முதலிலேயே ஒன்றை மட்டும் வாங்கியிருக்கலாமே என்ற தடை வரும். பெரும்பாலும் சமையலறையிலிருந்து வரும். ஒன்றை வாங்கி ஒன்று இருந்தால் எந்த விதியும் நிறுவப்படாது. ஒன்பது குஞ்சுகளின் விலை ஆராய்ச்சிச் செலவு. அதுவும் வீண்போகவில்லை. பத்து மீனும் தொட்டியில்தான் இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்றாக.