டானிக் அம்மாள்

அம்மாளின் சட்டையில் வெள்ளை ரிப்பன் ஒன்று குத்தியிருக்கும். மது ஒழிப்புச் சங்கத்துக்காரி என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். 1890-களின் அமெரிக்காவில் இப்படி ஓர் அம்மாள் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரசங்கம் கேட்க முன்வரிசை. சாராயக்கடையை மூடச் சொல்லி ஊர்வலம் போனால் அங்கேயும் முன்வரிசை.

கணவர் சனிக்கிழமை ஒரு கோப்பை பீர் குடித்துவிட்டு வந்தால், அவர் தெருமுனை திரும்பும்போதே அம்மாளுக்கு வாடை எட்டிவிடும். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் அர்ச்சனைதான். அர்ச்சனை முடிவதற்குள் அம்மாளுக்குப் படபடப்பு வந்துவிடும். நல்லவேளை, படபடப்புக்கு வீட்டில் மருந்து உண்டு.

லிடியா பிங்க்ஹாம் வெஜிடபிள் காம்பவுண்ட். மாஸசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரத்திலிருந்து 1875 முதல் விற்பனைக்கு வரும் சரக்கு. பாட்டில் ஒரு டாலர். மாதவிடாய் வலி முதல் கர்ப்பப்பை இறக்கம் வரை பெண்களின் சகல கோளாறுக்கும் கேட்கும் என்பது விளம்பரம். உள்ளே இருப்பது நாலைந்து வேர், கொஞ்சம் வெந்தயம், அப்புறம் நூற்றுக்குப் பதினெட்டு பங்குக்குக் குறையாமல் ஆல்கஹால். மேலே பிங்க்ஹாம் அம்மையாரின் சாந்தமான படம். அந்த முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? இத்தனைக்கும் அந்த அம்மையாரும் மது ஒழிப்புக் கட்சிதான்.

அம்மாள் மேசைக்கரண்டியில் விளிம்பு தளும்ப ஊற்றுவார். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார். மருந்தென்றால் சுளிக்கத்தானே வேண்டும். வழிந்தது வீணாகக் கூடாதென்று கரண்டியின் அடிப்பக்கத்தையும் ஒரு நக்கு. சற்று நேரத்தில் காது மடல் சிவக்கும். உலகத்தின் மேல் ஒரு கருணை பிறக்கும். கணவரைக்கூட மன்னித்துவிடலாம் போலத் தோன்றும். படபடப்பு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று முன்ஜாக்கிரதையாக இன்னொரு கரண்டி.

வைத்தியம் தனக்கு மட்டும் என்று நினைக்கிற சுயநலக்காரி இல்லை அம்மாள். பையனுக்குப் பல்வலியா? பதினைந்து சென்ட்டுக்குக் கோகெய்ன் சொட்டு மருந்து. மகளுக்கு விடாத இருமலா? ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1898-ல் கொண்டுவந்த நவீன மருந்து, பெயர் ஹெராயின். கணவருக்குச் சளி என்றால் பெரூனா டானிக். அதில் ஆல்கஹால் ஏறக்குறைய 28 சதவீதம். கணவருக்கு ஏனோ அடிக்கடி சளி பிடித்தது. கைக்குழந்தை அழுதால் மிஸஸ் வின்ஸ்லோ சிரப். அதில் மார்ஃபின். குழந்தை அழுகையை நிறுத்திவிடும். அந்தச் சிரப் குடித்த குழந்தைகளில் சில, பிறகு எழுந்திருக்கவே இல்லை. இந்த இடத்தில் எனக்கு அம்மாளைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை. பாட்டிலில் என்ன இருக்கிறதென்று எழுத வேண்டிய கட்டாயம் அப்போது எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. அம்மாள் யாரைக் கேட்பார்?

டாக்டரைக் கேட்கலாம். ஆனால் டாக்டர் ஆண்பிள்ளை, அவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அதனால் அம்மாள் மிஸஸ் பிங்க்ஹாமுக்குக் கடிதம் எழுதுவார். எழுதச் சொல்லி விளம்பரமே உண்டு. ஆண்கள் கண்ணில் படாது என்ற உத்தரவாதமும் உண்டு. பதிலும் தவறாமல் வரும்: தைரியமாக இரு, காம்பவுண்டை விடாதே. இப்படி அன்பாகப் போய்க்கொண்டிருந்த கடிதப் போக்குவரத்தில் 1905-ல் ஒரு பத்திரிகை மண்ணைப் போட்டது. லேடீஸ் ஹோம் ஜர்னல், மிஸஸ் பிங்க்ஹாமின் கல்லறைப் படத்தை வெளியிட்டது. அம்மையார் 1883-லேயே காலமாகியிருந்தார்!

கம்பெனி அசரவில்லை. மிஸஸ் பிங்க்ஹாம் என்றால் மருமகள் என்று விளக்கம் கொடுத்தது. மாமியார் பெயரை மருமகள் இத்தனை வருஷம் காப்பாற்றினாள் என்பதே அம்மாளுக்கு அந்த மருந்தின் மேல் கூடுதல் மரியாதையை உண்டாக்கியது.

அதே பத்திரிகை முந்தின வருஷம் இன்னொரு வேலையும் செய்திருந்தது. எந்த டானிக்கில் எவ்வளவு ஆல்கஹால் என்று பட்டியல் போட்டது. பீரெல்லாம் அதற்குப் பக்கத்தில் மோர். கணவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்; எடுத்து நீட்டத்தான் தைரியம் வரவில்லை.

1906-ல் சட்டம் வந்தது. ஆல்கஹால், அபின், மார்ஃபின், கோகெய்ன், ஹெராயின் எதைச் சேர்த்தாலும் லேபிளில் அளவோடு எழுத வேண்டும். விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. காம்பவுண்டு லேபிளிலும் 18 சதவீதம் என்று வந்துவிட்டது, மருந்து கரையவும் கெடாமலிருக்கவும் மட்டுமே சேர்த்தது என்ற சமாதானத்தோடு.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கணவருக்குத் தைரியம் வந்தது. பாட்டிலை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உரக்கப் படித்தார். அம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"கெட்டுப்போகாமல் இருக்கத்தானே சேர்த்திருக்கிறார்களாம்? உங்களோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்கிறேன், நானும் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டாமா?"