கேளுங்கள், அடித்துவிடுகிறேன்!

வாசகர், கடலூர்: ஹிடெகி மட்சுயாமா மாஸ்டர்ஸ் கோல்ஃப் பட்டத்தை ஒரே ஒரு தடவைதானே வென்றார்? அதற்கு ஏன் இத்தனை ஆரவாரம்?

ஜப்பானியர் 1936இலேயே மாஸ்டர்ஸில் ஆடப் போய்விட்டார்கள். பட்டம் வந்தது 2021இல். 85 வருடம் காத்திருந்தவர்கள் கொஞ்சம் கத்தட்டுமே! 'மேஜர்' எனப்படும் கோல்ஃபின் முதன்மைப் போட்டியில் வென்ற முதல் ஜப்பானிய ஆண் அவர். 'ஆண்' என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். பெண்கள் மேஜரை ஜப்பானிய வீராங்கனை ஹிசாகோ ஹிகுச்சி 1977இலேயே வென்றாயிற்று.

வாசகி, சிதம்பரம்: மட்சுயாமா வென்றதும் அவருடைய கேடி (மட்டைப் பை தூக்கும் உதவியாளர்) மைதானத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினாராமே, கொஞ்சம் ஓவர் இல்லையா?

நாட்டியாஞ்சலிக்கு உங்கள் ஊருக்கு வருகிறவர்கள் தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தானே ஆடுகிறார்கள்? ஷோட்டா ஹயாஃபுஜி ஆட்டம் முடிந்தபிறகு, கொடிக்கம்பத்தைக் குழியில் திரும்ப நட்டுவிட்டு வணங்கினார். கேடிகளில் இப்படியும் ஒருவர்!

வாசகர், கடலூர்: சில்வர் பீச்சில் இவ்வளவு மணல் கிடக்கிறதே, நம்மூரில் ஒரு மட்சுயாமா வரமாட்டாரா?

கோல்ஃபில் மணல் என்பது பந்து விழக்கூடாத இடம் ஐயா!

ஆனால் அவருக்கும் உங்கள் ஊருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 2004இல் உங்கள் கரையைச் சுனாமி சுருட்டியது. 2011 மார்ச்சில், அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சென்டாய்ப் பகுதியை. ஊர் இப்படிக் கிடக்கும்போது அமெரிக்கா போய் விளையாடுவதா என்று தயங்கினார், அந்த 19 வயது மாணவர். 'போய் ஆடு' என்று ஊரே சொல்லி அனுப்பியது. அடுத்த மாதம் மாஸ்டர்ஸில் நான்கு நாளும் தாக்குப்பிடித்த ஒரே அமெச்சூர் அவர்தான்.