எந்தக் கப்?

பூலாம்பாடியில் அப்பாயி புளிக்குழம்பு வைக்க, நான் நோட்டோடு நின்றேன்.

"புளி எவ்வளவு அப்பாயி?"

"எலுமிச்சங்கா அளவு."

எந்த எலுமிச்சை என்று கேட்டால் கரண்டி பறக்கும்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் செல்போன் சமையல் குறிப்புகளில் எல்லாம் 'ஒரு கப்'தான். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. மேசைக்கரண்டி நமக்கு 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. அங்கே கரண்டிக்கே வாய் பெரிது.

அப்பாயி கணக்கில் குழப்பமில்லை: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. 1956-ல் வந்த எடை, அளவைச் சட்டம் படிக்கு ஓய்வு கொடுத்தது. அந்த ஆணை அப்பாயியின் அரிசிப் பானைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"சின்ன வெங்காயம்?"

"ரெண்டு கை."

"யார் கை?"

"ஆக்குறவ கைதான்டா. திங்கிறவன் கையா போட்டா ஊருக்கு வெங்காயம் மிஞ்சுமா?"

சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டத்திலேயே இந்தப் பயம்! நோட்டை மூடிவிட்டுத் தட்டை எடுத்தேன். குழம்பு அளவாக இருந்தது.