லுங்கியைப் பல்லில் கடித்தவன்

ரெக்ஸம், வேல்ஸ்.

அன்புள்ள மச்சான்,

இந்தக் கடிதத்தை வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டு டீக்கடையில உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்காதே. விஷயம் அப்படி.

இந்த நாட்டுல துணியில்லாம உட்கார்ந்துக்கோன்னு உள்ளாட்சிக்காரங்களே எல்லை போட்டுக் கொடுத்த கடற்கரை ஒண்ணு இருக்கு. பேரு மோர்வா டஃப்ரின். வடக்கு வேல்ஸ்ல, குவினெத் மாவட்டத்துல, ஹார்லெக் கோட்டைக்கும் பார்மத் ஊருக்கும் நடுவுல நீளமா விழுந்து கிடக்கற மணல். அதுல சுமார் ஒரு கிலோமீட்டரை 2000-ஆம் வருஷம் நிர்வாணக் குளியல்காரங்களுக்குன்னு ஒதுக்கி, போர்டு வச்சிருக்காங்க. போர்டுலயும் ஒழுங்கு: மேல வெல்ஷ், கீழ இங்கிலீஷ். எந்த மொழி தெரிஞ்சவனும் 'தெரியாம வந்துட்டேன்'னு சொல்லித் தப்பிக்க முடியாது.

என்னைக் கூட்டிக்கிட்டுப் போனவர் எங்க பிளான்ட் மெயின்டனன்ஸ்ல இருக்கற ஒரு பெரியவர். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான். கேன்டீன்ல ஒருநாள், "ஞாயித்துக்கிழமை வர்றியா, நல்ல காத்து"ன்னார், நம்ம ஆளு மாமல்லபுரம் போலாமான்னு கேக்கற மாதிரி. முடியாதுன்னு சொன்னா மரியாதை இல்ல. சரின்னு சொன்னா மானம் இல்ல. மரியாதைதான் ஜெயிச்சுது.

இங்கிருந்து மேற்கே மலையெல்லாம் தாண்டிக் கார்ல சுமார் ரெண்டு மணி நேரம். உன் தங்கச்சியும் கூட வந்தா. மணல்மேட்டுக்கு நடுவுல நடந்து அந்த போர்டு வந்ததும் நின்னுட்டா. "இதுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் நீங்க. எலுமிச்சை சாதம் இருக்கு, ஒரு மணிக்குள்ள வந்துடுங்க"ன்னு பாயை விரிச்சா. அரசாங்கம் போட்ட எல்லைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஆளை நான் பார்த்ததே இல்ல.

உள்ளே போனேன். சினிமாவுல பார்த்து நீ நினைக்கற மாதிரி ஒண்ணுமே கிடையாது, மச்சான். அறுபது, எழுபது வயசு ஆளுங்கதான் அதிகம். ஒரு அம்மா சுடோகு போடறாங்க. ஒருத்தர் தலையில தொப்பி, கண்ணுல கண்ணாடி, கையில வாட்ச், கால்ல செருப்பு எல்லாம் போட்டிருக்கார், அதோட சரி. இன்னொருத்தர் ஃபிளாஸ்க்லருந்து டீ ஊத்தறார், ரொம்ப ஜாக்கிரதையா. சூடான டீயை அவ்வளவு பயபக்தியோட ஒரு மனுஷன் கையாண்டு நான் பார்த்ததில்ல.

இப்போ என் கதை. நாம ஏரியில குளிச்சிட்டுத் துணி மாத்துவோமே, அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? பையிலருந்து லுங்கியை எடுத்துத் தலைவழியா மாட்டினேன். மேல் ஓரத்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டேன். ஒரு கால்ல நின்னுக்கிட்டு உள்ளுக்குள்ள ஜீன்ஸை இறக்க ஆரம்பிச்சேன். ஐரிஷ் கடல் காத்து சும்மா இருக்குமா? லுங்கிக்குள்ள பூந்து ஊதுது. நான் ஒத்தக் கால்ல வட்டமா சுத்தறேன். வாயில லுங்கி, அதனால 'ஹெல்ப்'னு கூடக் கத்த முடியல. அந்தம்மா சுடோகுவைக் கீழே வச்சாங்க. டீக்காரர் ஊத்தறதை நிறுத்தினார். நாய் ஒண்ணு குரைச்சுது. முழுசா அவுத்துப் போட்டவங்க அத்தனை பேர் இருக்க, யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கல. மூடிக்கிட்டு நின்ன ஒருத்தனைத்தான் மொத்தக் கடற்கரையும் பார்த்துச்சு. லுங்கியை விட்டேன். உடனே எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

லுங்கி வீணாப் போகல. வெறும் உடம்போட எங்கேயும் உட்காரக் கூடாது, துணி விரிச்சுத்தான் உட்காரணும்கறது இங்க எழுதாத சட்டம். உத்துப் பார்க்கறது தப்பு. கேட்காம கேமரா எடுத்தா பெரிய தப்பு. நம்ம ஊர் கல்யாண மண்டபத்துல கூட இவ்வளவு கட்டுப்பாட்டைப் பார்த்ததில்ல.

உட்கார்ந்ததும் எனக்குத் தோணினது நம்ம ஒரகடம்தான். நாம வேலை பார்த்த கம்பெனி ஞாபகம் இருக்கா? பர்மனென்டுக்கு ஒரு கலர் சட்டை, கான்ட்ராக்டுக்கு ஒரு கலர், ட்ரெயினிக்கு ஒரு கலர். பஸ்ல ஏறும்போதே டிரைவருக்குத் தெரியும், யாருக்கு சீட்டு, யாருக்குக் கம்பின்னு. ஒரே லைன்ல ஒரே போல்ட்டை முறுக்குவோம். சட்டை கலர்தான் சம்பளத்தைச் சொல்லும். இங்க எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், மழை வருமா வராதான்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் லாரி ஓட்டறவர், இன்னொருத்தர் பல் டாக்டர். எழுந்து போகும்போது பெரியவர் சொல்லித்தான் தெரியும். யார் எதுன்னு இப்பவும் எனக்குக் குழப்பம்.

சமத்துவம் வந்துடுச்சுன்னு அவசரப்பட்டு எழுதிடாதே. சட்டை கலரைக் கழட்டிட்டேன், தோல் கலரைக் கழட்ட முடியுமா? அந்த ஒரு கிலோமீட்டருக்கும் மாநிறம் நான் ஒருத்தன்தான். யாரும் ஒண்ணும் சொல்லல. பார்க்காத மாதிரி ரொம்ப மரியாதையா பார்த்தாங்க. வெயில்ல வெந்து சிவந்திருந்த ஒருத்தர் மட்டும் ஏக்கத்தோட, "உனக்கு இந்த கலர் வர எத்தனை நாள் ஆச்சு?"ன்னார். "தாத்தா காலத்துலருந்தே"ன்னேன். இவங்க கறுக்கணும்னு காசு செலவு பண்ணி வெயில்ல கிடக்கறாங்க. நம்ம பசங்க கறுத்துடும்னு முகத்துல கர்ச்சீப் கட்டிக்கிட்டுப் படப்பையிலருந்து பைக் ஓட்டறாங்க. ரெண்டு பேரையும் ஒரு மாசம் இடம் மாத்தி விட்டா நல்லது.

இதுல ஒரு வேடிக்கை தெரியுமா? இந்த நிர்வாணச் சங்கம் வைக்கற பழக்கத்துல நம்ம நாட்டுக்கும் பங்கு இருக்கு. 1891-லேயே பம்பாய்ப் பக்கம் தானாவுல ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சவர் சார்லஸ் கிராஃபோர்டுன்னு ஒரு வெள்ளைக்கார ஜில்லா ஜட்ஜ். உறுப்பினர் மொத்தம் மூணே பேர். சேதி எப்படி வெளிய வந்துச்சுன்னா, இங்கிலாந்துல இருந்த எட்வர்ட் கார்ப்பென்டர்ங்கற எழுத்தாளருக்கு அவர் எழுதின கடிதங்களால. வெளிநாட்டுல உட்கார்ந்து இந்த விஷயத்தைக் கடிதமா எழுதறவன் நான் ஒருத்தன்தான்னு நினைச்சுக் கூச்சப்பட்டேன்; ஜட்ஜே எழுதியிருக்கார், நமக்கென்ன?

சட்டமும் வேடிக்கைதான். இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் துணியில்லாம இருக்கறது மட்டும் குற்றமில்ல. அடுத்தவனைக் கலவரப்படுத்தணும், மனசைப் புண்படுத்தணும்கற எண்ணத்தோட காட்டினாத்தான் 2003-ஆம் வருஷச் சட்டம் பாயும். நம்ம ஊர்ல இவங்களே 1860-ல எழுதிக் கொடுத்த தண்டனைச் சட்டத்துல பொது இடத்து ஆபாசத்துக்குன்னு 294-ஆம் பிரிவு. 2024 ஜூலையிலருந்து அதையே 296-னு நம்பர் மாத்தி வச்சிருக்கோம். 2020-ல நடிகர் மிலிந்த் சோமன் கோவா கடற்கரையில பிறந்த நாளுக்குப் பிறந்த மேனியா ஓடிப் போட்டோ போட்டார், போலீஸ் கேஸ் போட்டுச்சு. அதே நாம, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல திருப்பருத்திக்குன்றம் ஜைனக் கோயிலுக்குப் போனா துணியில்லாத தீர்த்தங்கரர் முன்னால கை கூப்பறோம். திகம்பர முனிவர் ரோட்டுல நடந்து வந்தா ஒதுங்கி நின்னு கும்பிடறோம். மதகுல இருந்து அம்மணமா ஏரியில குதிச்ச காலத்துல நம்ம மேல யாரும் கேஸ் போடல. நம்ம ஆளுங்களுக்குத் துணி பிரச்சனையே இல்ல, மச்சான். யாரு அவுக்கறான், எதுக்கு அவுக்கறான்கறதுதான் கணக்கு. யோசிச்சா, இந்த ஊர்ச் சட்டம் சொல்றதும் கிட்டத்தட்ட அதேதான்.

கடல்ல இறங்கினேனான்னு கேட்பே. ஆகஸ்டுலயும் தண்ணி பதினாறு, பதினேழு டிகிரி. முழங்கால் வரை போனேன். அதுக்கு மேல போக உடம்பு சம்மதிக்கல. திரும்பி லுங்கியைக் கட்டிக்கிட்டு போர்டுக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

"என்ன பார்த்தீங்க?"ன்னா உன் தங்கச்சி.

"வயசானவங்க சுடோகு போடறாங்க."

"அதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"னு சாதத்தைத் தட்டுல போட்டா. பதில் இல்ல என்கிட்ட.

உன் அக்கா பையன் அடுத்த மாசம் இங்க வேலைக்கு வர்றான்னு எழுதியிருந்தே, சந்தோஷம். இந்தக் கதையைக் கேட்டுட்டு அவன் துணிமணியைக் குறைச்சு எடுத்துக்கிட்டு வந்துடப் போறான். தடிமனான ஜாக்கெட் ரெண்டு, உள்ளே போட தெர்மல் நாலு, மழை கோட் ஒண்ணு கட்டாயம்னு சொல்லு. இந்தப் பக்கத்துல அவுத்துப் போட இருக்கறது ஒரே ஒரு கிலோமீட்டர், அதுவும் வருஷத்துல ரெண்டு மாசம். மீதி நாடு பூரா, மீதி வருஷம் பூரா, போட்டுக்கிட்டேதான் இருக்கணும்.

இப்படிக்கு,
உன் பழைய பி ஷிஃப்ட் கூட்டாளி