கிளியூர்த் திணைமயக்கம்: அப்டேட்டுக்குக் காத்திருத்தல் பற்றி ஓர் ஆய்வு

ஐந்திணைக்கும் நிலம், பொழுது, ஒழுக்கம் எல்லாம் வகுத்து வைத்த தொல்காப்பியர், கம்ப்யூட்டர் அப்டேட்டுக்குக் காத்திருப்பவரை எந்தத் திணையில் சேர்ப்பது என்று சொல்லாமல் போய்விட்டார். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இதில் கை வைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க முயல்வது இக்கட்டுரை. ஆய்வுக் களம் சேர்வராயன் மலை. குறிப்பாக, ஏற்காடு ஏரியிலிருந்து அருவிக்கு இறங்கும் கிளியூர்ப் பக்கம்.

களத் தேர்வுக்குக் காரணம் கேட்பார்கள். குறிஞ்சிக்குரிய பறவை கிளியும் மயிலும். தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதுதான் குறிஞ்சித் தலைவியின் அலுவல். ஊர்ப்பெயரிலேயே கிளி உட்கார்ந்திருக்கும்போது நிலம் குறிஞ்சிதானா என்று எந்த ஆய்வுக்குழுவும் கேள்வி எழுப்பாது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், காப்பி, மிளகு, ஆரஞ்சு, இருட்டினால் ரோட்டோரம் வந்து நிற்கும் காட்டெருமை என்று துணைச் சான்றுகளும் இருக்கின்றன.

நிலம் குறிஞ்சி என்றால் ஒழுக்கம் புணர்தலாக இருக்க வேண்டும். ஆனால் அப்டேட் ஓடும் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் அதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. அங்கே நடப்பது இருத்தல்: வருவேன் என்று சொல்லிப் போனவன் வரும்வரை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அது முல்லைக்கு உரியது. மலைமேல் உட்கார்ந்து முல்லை ஒழுக்கம் நடத்தினால் அது திணைமயக்கம். திணை மயங்குவதற்குத் தொல்காப்பியர் தடை சொல்லவில்லை என்பதால் ஆய்வு மேலே செல்கிறது.

முல்லையின் சிறுபொழுது மாலை. இதில் சிக்கல் ஒன்றுமில்லை. பகலெல்லாம் வாயைத் திறக்காத கம்ப்யூட்டர், சாயங்காலம் ஆபீசைப் பூட்டப் போகிறோம் என்று தெரிந்ததும்தான் அப்டேட் செய்துவிட்டு அணைக்கட்டுமா என்று கேட்கும்.

பெரும்பொழுதில்தான் வியப்பு. முல்லைக்குக் கார், அதாவது ஆவணி, புரட்டாசி. விண்டோஸ் 11 வெளிவந்த 2021 அக்டோபர் 5 புரட்டாசியில் விழுகிறது. அதன் 24எச்2 பதிப்பு வந்த 2024 அக்டோபர் 1-ம் புரட்டாசி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுபோன 2025 அக்டோபர் 14 புரட்டாசியின் கடைசி வாரம். கார் முடியச் சில நாளே பாக்கி. அதற்குப் பிறகும், வேண்டுபவர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருகிறோம் என்றார்கள். அடுத்த காருக்குள் பார்த்துக்கொள் என்று இதற்குப் பொருள். எக்ஸ்பி (2001 அக்டோபர் 25), விண்டோஸ் 7 (2009 அக்டோபர் 22) இரண்டும் ஐப்பசி, அதாவது கூதிர். பக்கத்துப் பருவம்தான், பொறுத்துக்கொள்ளலாம். முரண்டு பிடிப்பது விண்டோஸ் 10. அது 2015 ஜூலை 29-ல், நட்டநடு ஆடியில் வந்தது. ஆனால் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு முதல் ஒரு வருஷம் இலவசம் என்று அறிவித்ததால் அதை ஆடித் தள்ளுபடிக் கணக்கில் சேர்த்து முரணைத் தீர்த்துவிட்டோம்.

இனி தோழி. முல்லைப் பாட்டுகளில் தோழி இல்லாமல் காத்திருப்பு நகராது. கார் வந்துவிட்டது, தலைவன் வரவில்லை, தலைவி கலங்குகிறாள். அப்போது தோழி எடுத்துவிடும் வாதம் மிகப் பழையது. இது கார் இல்லையடி, ஏதோ பருவம் தவறிப் பெய்த மழை, அதை நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது. இதற்குப் ‘பருவமன்று என்று வற்புறுத்தல்’ என்று பெயரே உண்டு. சமவெளி வாசகர்கள் இதைக் கவிதைப் பொய் என்று நினைக்கக்கூடும். சேர்வராயனில் அறுவடை நேரத்தில் தப்பு மழை விழுந்து, பழம் பறித்துக்கொண்டிருக்கும்போதே காப்பிச் செடி பூத்து நிற்பது தோட்டக்காரருக்குப் பழகிய தலைவலி. தோழி சொன்னது தாவரவியல்.

இந்தத் துறையில் உலக அளவில் கரைகண்ட தோழி மைக்ரோசாஃப்ட். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விஸ்லர், பிளாக்கோம்ப் என்று அடுத்தடுத்து இரண்டு மலைகள், பனிச்சறுக்குக்குப் பேர்போனவை. எக்ஸ்பிக்கு உள்வட்டப் பெயர் விஸ்லர். அதற்குப் பிறகு செய்யவிருந்த பெரிய பதிப்புக்குப் பிளாக்கோம்ப் என்று பெயர். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது என்று, நடுவில் சின்னதாக ஒரு பதிப்பைத் திட்டமிட்டு அதற்கு லாங்ஹார்ன் என்று பெயர் வைத்தார்கள். லாங்ஹார்ன் என்பது அந்த இரண்டு மலைகளின் அடிவாரத்தில் உள்ள மதுக்கடை. தொண்டையை நனைத்துக்கொண்டு கிளம்பலாம் என்று உள்ளே போனவர்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் வெளியே வரவில்லை. மலையேறப் புறப்பட்டவர்கள் அடிவாரத்துக் கடையில் உட்கார்ந்துவிடுவது சேலத்துக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

முதலில் 2003 என்றார்கள். இடையில் கம்ப்யூட்டர்ப் புழுக்கள் எக்ஸ்பியை அரித்ததால் ஆட்களை அந்தப் பக்கம் திருப்பி, 2004 ஆகஸ்டில் அதற்கு இரண்டாம் சர்வீஸ் பேக் கொடுத்தார்கள். அதே மாதம் லாங்ஹார்னில் அதுவரை எழுதியதில் பெரும்பகுதியை ஓரங்கட்டி, விண்டோஸ் சர்வர் 2003-ஐ அடித்தளமாக வைத்து மறுபடி தொடங்கினார்கள். பெரிதாக விளம்பரப்படுத்திய வின்எஃப்எஸ் கோப்பு முறை பட்டியலிலிருந்து கழன்றது. தேதி 2006 ஆனது. 2006 மார்ச்சில் வீட்டு உபயோகத்துக்கு அடுத்த ஜனவரிதான் என்றார்கள். கடைசியில் விஸ்டா என்ற பெயரில் கம்பெனிகளுக்கு 2006 நவம்பர் 30-ல், கார்த்திகையில் வந்தது; நம் போன்றோருக்கு 2007 ஜனவரி 30-ல், தையில். கார் போய், கூதிர் போய், முன்பனியில் வந்து கதவைத் தட்டிய தலைவன் இவன். ஒவ்வொரு தடவையும் தோழி கிளம்பி வந்து, இது பருவமன்று என்று புதிய தேதி சொன்னாள். காத்திருந்தவர்களின் எரிச்சலுக்கு விதை அந்தத் தேதியில்தான் இருந்தது என்பது நம் கருத்து. 

ஆப்பிளின் கதை வேறு திணை. 2007 ஜூனில் வரவேண்டிய லெப்பர்டு அக்டோபருக்குத் தள்ளிப் போனபோது, ஐபோனை முடிப்பதற்காக ஆட்களை அங்கே அனுப்பிவிட்டோம் என்று அந்தக் கம்பெனி ஏப்ரலிலேயே வெளிப்படையாகச் சொன்னது. தலைவன் வேறொருத்தி வீட்டில் இருக்கிறான் என்று வாயிலோரே ஒப்புக்கொண்ட பிறகு அது முல்லை ஆகாது, பச்சை மருதம். மேக் வைத்திருந்தவர்கள் செய்தது ஊடல். அதை இங்கே விரித்தால் கட்டுரை வயலுக்கு இறங்கிவிடும்.

மலைக்கே திரும்புவோம். நுண்ணாய்வுக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது ஒரு காப்பி எஸ்டேட்டின் ஆபீஸ் அறை. எஸ்டேட்டின் பெயரும் அப்டேட்டை அனுப்பிய கம்பெனியின் பெயரும் ஆய்வு நெறிப்படி மறைக்கப்பட்டுள்ளன. மேசைமேல் செக்ரோல் என்னும் ஆள்வருகைப் பதிவேடு, அது காற்றில் புரளாமல் இருக்க ஒரு எடைக்கல். சிபியுவின் தலையில் நாலாக மடித்த துண்டு. மேசைக்கடியில், கரண்ட் ஆடும்போதெல்லாம் கீச்சென்று கத்தும் யுபிஎஸ். (கிளியோசைக்குச் சான்றாக இதைக் காட்டலாமா என்று யோசித்து, விட்டுவிட்டோம்.) அன்று சனிக்கிழமை, சம்பளப் பட்டுவாடா. வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே, அணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை சில்வர் ஓக் மரங்களுக்குத் தெரியாது. காற்றில் ஒரு கிளை கம்பிமேல் சாய்ந்தால் போதும், செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம் என்று கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அங்கே கணக்கு எழுதும் ரைட்டருக்கும் ஆட்களின் மேஸ்திரிக்கும் இடையே பதிவான உரையாடல் வருமாறு:

“என்னங்க ரைட்டரே, இன்னும் சுத்துதுங்களா?”

“முப்பதுல நிக்குது மேஸ்திரி.”

“மத்தியானமும் முப்பதுன்னுதானுங்களே சொன்னீங்க?”

“அது வேற முப்பதுய்யா. அது எறக்குன முப்பது. இது ஏத்துற முப்பது.”

“ஏத்தம்னா லேட்டாத்தானுங்க ஆவும்.”

இந்த நான்கைந்து வரிக்கு உரை எழுதினால் ஒரு முனைவர் பட்டம் தேறும். ரைட்டர் சொன்னது துல்லியமான உண்மை. இறக்கும்போது திரையில் காட்டும் விழுக்காடு பெரும்பாலும் பைட்டுக் கணக்கு: இத்தனை வர வேண்டும், இத்தனை வந்திருக்கிறது. ஏற்றும்போது காட்டுவது வேலைக் கணக்கு: பழைய கோப்புகளை ஒதுக்கு, புதியதை வை, டிரைவரைச் சரிபார், உபயோகத்தில் இருப்பதை மாற்ற முடியாது என்பதால் ரீஸ்டார்ட் போட்டு மாற்று. ஒரு வேலை கண்சிமிட்டும் நேரத்தில் முடியும், அடுத்தது அரை மணி இழுக்கும். இரண்டுக்கும் ஒரே கோடு, ஒரே எண்.

மேஸ்திரி சட்டென்று பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மலைப்பாதை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எத்தனையாவது என்று பலகை. பத்தாவது வளைவில் வரும் பஸ் பாதி வழி வந்துவிட்டது என்று நினைப்பவர் வெளியூர்க்காரர். இரண்டு வளைவுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்றாக இருப்பதில்லை. எதிரே ஒரு லாரி வந்தால் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. இருபது முடிந்த பிறகும் ஏரி வரப் பாதை பாக்கி இருக்கும். 100 விழுக்காடு காட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொள்வதைப் பார்த்து மேஸ்திரி பதறாததை இப்படித்தான் விளக்க முடிகிறது.

இந்தக் கோட்டுக்கு ஆய்வு வரலாறும் உண்டு. 1985-ல் பிராட் மயர்ஸ், எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு இருந்தால் மக்கள் அதையே விரும்புகிறார்கள் என்று காட்டினார். வேலை சீக்கிரம் முடிவதால் வந்த விருப்பம் இல்லை, ஏதோ நடக்கிறது என்ற தைரியம். 2007-ல் கிறிஸ் ஹாரிசனும் உடன் ஆய்ந்தவர்களும் அடுத்த படிக்குப் போனார்கள். ஒரே நேரம் எடுக்கும் கோடுகளில், முடிவை நெருங்க நெருங்க வேகமெடுப்பது சீக்கிரம் முடிந்ததாகத் தோன்றுகிறது. கடைசியில் தயங்கித் தயங்கி நிற்பது நீண்டதாகத் தோன்றுகிறது. ஆக, விழுக்காடு என்பது அளவு என்பதைவிட உபசாரம். விருந்தாளியிடம், இதோ இலை போட்டாச்சு என்று சொல்வார்களே, அந்த வகை. உபசாரத்தைக் கணக்கு என்று நம்பியவர்தான் தொண்ணூற்றொன்பதில் நாற்காலியை உதைக்கிறார்.

ரைட்டர் உதைக்கவில்லை. செக்ரோலைப் பிரித்து, சம்பளக் கணக்கைக் கையாலேயே எழுதிப் பட்டுவாடாவை முடித்தார்.

தேதியே சொல்லாத மரபும் ஒன்று உண்டு. அது நம் வீடுகளுக்குள்ளேயே வந்து போயிருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்த தொடக்ககாலக் கணினிகளில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது. அதன் தாய்வேர் டெபியன். டெபியன்காரர்களிடம் அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டால், தயாரானதும் வரும் என்பார்கள். 2002 ஜூலையில் வூடி வந்த பிறகு அடுத்த பதிப்பான சார்ஜ் வர 2005 ஜூன் ஆனது. லாங்ஹார்ன் அளவுக்கு இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட மூன்று வருஷம். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால், சொன்ன சொல் தவறினாய் என்று மல்லுக்கு நிற்க முடியாது. சொன்ன சொல்லே கிடையாதே. ஒரே மடிக்கணினிக்குள் தேதி சொல்லிப் பிரிந்த தலைவனும் சொல்லாமல் பிரிந்த தலைவனும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தார்கள். மாணவர்கள் பெரும்பாலும் முதலாமவனிடமே போனார்கள். விளையாட்டு அவனிடம்தான் இருந்தது.

ஆய்வின் பயன்பாட்டுப் பகுதி ஒன்று பாக்கி. கிளியூர் அருவி ஏறக்குறைய 300 அடி. ஏற்காடு ஏரி நிறைந்து வழிந்தால்தான் அதில் தண்ணீர் விழும். மே மாதம் கோடை விழாவுக்கு வருபவர்கள் இது தெரியாமல் படியிறங்குகிறார்கள். மூச்சு வாங்க ஏறி வருபவரை வழிமறித்து, “தண்ணி வருதுங்களா?” என்று கேட்கிறார்கள். “நூலாட்டம் வருதுங்க, போறதுன்னா போங்க” என்று பதில் வருகிறது. இதில் விழுக்காடு இல்லை, தேதி இல்லை. நேரில் பார்த்தவர் சொல்கிறார், கேட்டவர் யோசித்துக்கொள்கிறார். பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள், மீதிப் பேர் செல்ஃபிக்காக இறங்குகிறார்கள். யாரும் அருவிமேல் புகார் எழுதியதாகத் தெரியவில்லை.

ஆகவே நம் பரிந்துரை இது. ஒரு கம்பெனி கனடா மலைகளின் பெயரை வைத்துக்கொண்டது. இன்னொன்று யோசெமிட்டி, சியரா என்று கலிஃபோர்னியாவை வரிசையாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்து வரும் இயங்குதளத்துக்குக் ‘கிளியூர்’ என்று பெயர் வைக்கட்டும். மேலே நிறைந்தால் கீழே வரும் என்பது பெயரிலேயே அடங்கிவிடும். தோழிக்கு வேலை மிச்சம்.

இதை ரைட்டரிடம் வாசித்துக் காட்டினோம். அவர் ஒரே ஒரு ஆட்சேபம் தெரிவித்தார்.

“பேரு வைக்கிறது வைங்க. ஆனா அருவிக்கு வர்ற கூட்டம் பாட்டிலு, கவருன்னு போட்டுட்டுப் போற மாதிரி, கேக்காத நாலு ஆப்பும் அதோட வந்து எறங்குமுங்களே. அதை யாருங்க கூட்டறது?”