பெரம்பலூர் – அரியலூர்ப் படுகையில் பொது ஆங்கிலம்: ஓர் அடுக்காய்வு

1. ஆய்வின் தேவை

பெரம்பலூர், அரியலூர் மண்ணைப் பற்றி நிலவியலாளர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். 1862-லேயே எச்.எப்.பிளான்போர்டு இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்துவிட்டார். 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைக் கண்டு சொன்னார். நீளம் 18 மீட்டர், வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. கடல் கிடந்த இடத்தில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் சிமென்ட் மூட்டையாகி லாரி ஏறுகிறது. இவ்வளவு தோண்டியவர்கள் இதே மண்ணில் படிந்துவரும் இன்னொரு படிவத்தை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போட்டித் தேர்வுக்கான ஆங்கில இலக்கணமே அது. அக்குறையை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுக் களம்

பிரிக்கப்படாத திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி முதல் நாள் அரியலூர் பிரிந்தது. 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டமானது. நிர்வாக வரலாறு என்று இதைக் கடந்துபோகிறவர்கள் இதன் இலக்கண மதிப்பை அறியாதவர்கள். பாஸ்ட் பெர்ஃபெக்ட் டென்ஸை விளக்க, டாக்டர் வருவதற்குள் நோயாளி இறந்துபோன பழைய வாக்கியத்தையே மாநிலம் முழுவதும் இன்னும் பிடித்துத் தொங்குகிறார்கள். அரியலூர் மாணவருக்கு அந்த நோயாளி தேவையில்லை. மாவட்டம் ஆவதற்கு முன்பே மாவட்டமாக இருந்த ஊர் அவருடையது. 'ஹேட் பீன்' எங்கே வரும் என்று அவரிடம் கேட்டால் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் திசையைக் காட்டலாம்.

3. கருதுகோள்

தேர்வு ஆங்கிலம் தனி மொழி. மனிதர் பேசும் ஆங்கிலத்துக்கும் அதற்கும் இரத்த உறவு கிடையாது என்பது இவ்வாய்வின் கருதுகோள். இதைச் சோதிக்க, பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஒரு பகல் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். டிக்கெட், சேஞ்ச், பாயின்ட் டு பாயின்ட், ஸ்டாண்டிங், போலாம் ரைட் என ஆங்கிலம் ஆறாகத்தான் ஓடியது. ஆனால் 'நோ சூனர்' என்று தொடங்கி 'தேன்' என்று முடித்தவர் எவருமில்லை. 'ஹார்ட்லி'க்குப் பின்னால் 'வென்' போட்டு நடத்துநரிடம் சண்டை பிடித்தவரும் இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், நூலகத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் அத்தனை பேருக்கும் இவ்விரண்டும் தலைகீழாகத் தெரியும். தெருவில் சொல் உண்டு, இலக்கணம் இல்லை; நூலகத்தில் இலக்கணம் உண்டு, பேச ஆள் இல்லை. கருதுகோள் நிறுவப்பட்டது.

முன்னோர் வழக்கும் இதற்குத் துணைநிற்கிறது. இத்துறையின் மூல நூலான 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணத்தை எழுதிய இருவரில் பி.சி.ரென், பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர். 1924-ல் வெளியான 'போ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற நாவலும் அவருடையதே. பாலைவனக் கோட்டையில் தப்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்ட படைவீரர்களின் கதை அது. அவரே இலக்கணமும் எழுதினார் என்ற செய்தி, அதைப் படித்த எவருக்கும் வியப்பளிக்கவில்லை.

4. ஆய்வு முறை

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு பொது ஆங்கிலக் கைடு, இவ்வாய்வின் முதன்மைச் சான்று. அட்டை இல்லை, முதுகு ஒடிந்திருக்கிறது. குறைந்தது மூன்று பேர் கை மாறியது. பிளான்போர்டு வழியில் அதன் படிவங்களை மூன்றாகப் பிரித்தோம்.

அடியில் கிடப்பது நீலத் தொகுதி. பால்பாயின்ட் பேனா, அழுத்தமான டிக், சரியான விடையைச் சுற்றி இரண்டு வட்டம். நம்பிக்கையுள்ள காலம். அதன்மேல் பென்சில் தொகுதி. கோடுகள் மெலிந்தவை, பல இடங்களில் ரப்பரால் அழிக்கப்பட்டவை. பாதி விலைக்கு விற்கும் எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் தொகுதி. ஹைலைட்டர், முக்கியமான வரியைக் காட்டத் தொடங்கி, முக்கியமற்றது என்று எதையும் விட மனம் வராமல், பக்கம் முழுக்கப் பூசப்பட்டிருக்கிறது.

ஆர்ட்டிகிள், பிரிபொசிஷன், டென்ஸ் வரை மூன்று தொகுதிகளும் செழிப்பாக இருக்கின்றன. வாய்ஸில் பென்சில் மறைகிறது. இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட், பார்ட்டிசிபிளில் நீலம் மட்டும் தள்ளாடி நிற்கிறது. எஸ்.வி.ஓ.சி.ஏ. என்று வாக்கிய அமைப்பைப் பிரிக்கும் பக்கத்துக்கு அப்பால் உயிர் வாழ்ந்ததற்கான தடயமே இல்லை. இலக்கியப் பகுதியில் புதுக் காகிதத்தின் வாசம் இன்னும் அடிக்கிறது. கொஸ்டின் டேக் பக்கத்தில் ஒரு வெங்காயச் சருகு பொதிந்து கிடந்தது. புத்தகம் எந்த வட்டாரத்துக்காரருடையது என்பதை அது ஐயமற நிறுவுகிறது.

ஓரக்குறிப்புகள் தனியாக ஆராயத்தக்கவை. 'லெட்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு 'ஷல் வி' என்ற டேக் வரும் இடத்தில், நீல எழுத்து 'வெரி இம்பார்ட்டன்ட்' என்கிறது. அதன் கீழே பென்சில், 'ரெண்டு தடவ கேட்டுட்டான்' என்று பதிகிறது. மஞ்சள் தொகுதிக்காரர் இரண்டையும் படித்துவிட்டு, 'இனிமே கேக்கமாட்டான்' என்று முடித்திருக்கிறார். மூன்று தலைமுறை உரையாசிரியர்கள் ஒரே நூற்பாவில் மாறுபட்டு மோதிக்கொள்ளும் இந்த அழகு, நம் பழைய உரை மரபுக்குப் பின் இங்கேதான் காணக்கிடைக்கிறது.

5. பேரழிவு

இத்தகைய கைடுகள் எடைக்கு வந்தது ஏன்? 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் ஒட்டுமொத்தமாக மறைந்த காலத்துப் பாறைகள் அரியலூர்ப் பகுதியில் உண்டு. பொது ஆங்கிலத்துக்கு அந்தக் காலம் 2021 டிசம்பரில் வந்தது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயம் என்று அரசாணை பிறந்தது. அதுவரை குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100, பொதுத்தமிழா பொது ஆங்கிலமா என்பது தேர்வரின் விருப்பம். 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வில் பொதுத்தமிழ் மட்டுமே. தமிழ்நாட்டு அரசு வேலைக்குத் தமிழ் வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. கைடுகளின் கதியைத்தான் இங்கே பதிவுசெய்கிறோம்.

பிழைத்த இனங்களும் உண்டு. குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் பொது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்க இன்னும் இடமிருக்கிறது. எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் 100-க்கு 25 கேள்விகள் ஆங்கிலம். தப்பாகப் போட்டால் அரை மதிப்பெண் போகும். ஐ.பி.பி.எஸ். வங்கி முதல்நிலைத் தேர்வில் 30 கேள்விகள், 20 நிமிடம், தவறுக்குக் கால் மதிப்பெண் அபராதம். டி.என்.பி.எஸ்.சி.யில் அபராதமே கிடையாது. மாறாக, விடை தெரியவில்லை என்று சொல்வதற்கென்றே 2020 முதல் 'ஈ' என்று ஐந்தாவது வட்டம் வைத்திருக்கிறார்கள். வங்கித் தேர்வில் தெரிந்த கேள்வியையே தொடத் தயங்குகிற அதே ஆள், இங்கே தெரியாத கேள்விகள் அத்தனைக்கும் 'சி' போட்டுவிட்டு வருகிறார். தெரியாது என்று எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள அரசே தந்த வாய்ப்பைப் பயன்படுத்திய ஒருவரையும் நாம் சந்திக்கவில்லை.

ரயில்வேயின் என்.டி.பி.சி. தேர்வில் ஆங்கிலப் பகுதியே இல்லை. ரயிலே இல்லாத பெரம்பலூரில் ரயில்வே வேலைக்குப் படிப்போர் மிகுந்திருப்பதன் காரணத்தை இனியும் பொருளாதாரத்தில் தேட வேண்டியதில்லை.

6. மரபு கடத்தல்

நூலகத்து வேப்பமரத்தடியில் பதிவான உரையாடல்:

"மாப்ள, 'சீனியர்'க்கு அப்புறம் 'டு'வா 'தேன்'னாடா?"

"'டு'டா. அக்கா சொன்னாங்கல்ல."

"எந்த அக்கா?"

"வெங்காய மண்டிக்குப் பின்னாடி தெரு. அவங்க சொன்னா கீ ஆன்சரே மாறும்டா."

அக்காவைச் சந்தித்தோம். திண்ணையில் விதை வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிய சொற்பட்டியல். நாணயம் சேகரிப்பவருக்கு ஒரு சொல், தபால்தலை சேகரிப்பவருக்கு ஒரு சொல். இருவரையும் அந்தத் தெரு இதுவரை கண்டதில்லை. "சார், இந்த வாக்கியத்துல தப்பு எங்க இருக்குன்னு பசங்க விதியத் தேடுவாங்க. நான் படிச்சுப் பாப்பேன். நாக்குல இடறுனா அங்கதான் தப்பு" என்றார். பேசாத மொழி நாக்கில் இடறுவது எப்படி என்று கேட்டோம். "பத்து வருசமா இடறிக்கிட்டேதான சார் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அவரிடம் படித்துத் தேறி இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இருப்பவரையும் கண்டோம். ஜெரண்டைப் பற்றிக் கேட்டதும் அது எந்தத் துறைக் கோப்பு என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1956-ன் ஆட்சிமொழிச் சட்டத்தின்படி அவர் எழுதுவதெல்லாம் தமிழ்க் கோப்பு. 'நோ சூனர்' போட்டு அவர் குறிப்பெழுதினால் மேலதிகாரி விளக்கம் கேட்பார்.

7. முடிவும் பரிந்துரைகளும்

தேர்ச்சிக்கும் இலக்கணத்துக்கும் உள்ள தொடர்பு தலைகீழ் விகிதம். தேறியவர் வேலையில் சேர்ந்த வேகத்தில் மறக்கிறார். தேறாதவரிடம்தான் அது சேதாரமின்றி வாழ்கிறது. இம்மொழியைப் பேசிப் பரப்ப வேண்டியதில்லை. ஒருவர் தோற்றால் போதும், ஒரு தெருவுக்கு ஆசிரியர் கிடைத்துவிடுகிறார்.

எனவே: ஒன்று, ஓரக்குறிப்புள்ள கைடுகளைப் பழைய பேப்பர் கடைகளிலிருந்து மீட்டுப் பாதுகாக்க வேண்டும். இரண்டு, 'ஈ' வட்டத்தை உண்மையாக நிழலிடுபவருக்கு அரை மதிப்பெண்ணாவது தர வேண்டும். மூன்று, எஸ்.எஸ்.சி.யின் வயது வரம்பைத் தாண்டியவர்களைப் பேராசிரியர்களாக அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது பரிந்துரை அவசரமானது. குரூப் 2-க்குத் தனக்கு வயது தடையில்லை என்று அக்கா மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார். மாதிரித் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் எடுக்கிறார். அவருக்கு இந்த முறை எப்படியும் கிடைத்துவிட வேண்டுமென்று தெருப் பிள்ளைகள் கோயிலுக்கு வேண்டிக்கொள்கிறார்கள். எரர் ஸ்பாட்டிங் முடிப்பதற்குள் கிடைத்துவிடக் கூடாதென்பதையும் அதே வேண்டுதலில் சேர்த்துக்கொள்கிறார்கள்.